ஆறாம் ஆளின் வெறுங்கால்

இரத்தினசிங்கம் அண்ணன் வெள்ளைக்காரர்களின் மாதா கோயிலுக்குள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் மேலோடு நின்றாராம். முந்நூறு பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்களாம். பாதிரியார் மயங்கி விழுந்தாராம். போலீஸ்காரர்கள் வந்து கம்பளியைப் போர்த்திக் கூட்டிப் போனார்களாம்.

பதினாறு வருஷமாக இந்த நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிற கதை இது. சிட்னியில் சொன்னால் போலீஸ்காரர்கள் இரண்டு பேர். மெல்போர்னுக்குப் போனால் நான்கு பேர். போன வருஷம் கான்பராவில் ஒரு கல்யாண வீட்டில் போலீஸ் நாயும் வந்தது என்று ஒருவர் சத்தியம் பண்ணினார். நாய்க்குப் பேர்கூட வைத்திருந்தார்.

நான் அன்றைக்கு அங்கே இருந்தவன். கடைசி பெஞ்சு, வலது ஓரம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதையும் சொல்கிறேன். அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. எவ்வளவு கொஞ்சம் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு நாகப்பட்டினம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கப்பலில் சமையல்காரருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு வந்தவன், எழுபத்து நாலில் இங்கே இறங்கிவிட்டேன். முறையாகத்தான் இறங்கினேன். சந்தேகப்படுகிறவர்கள் வீட்டுக்கு வந்தால் காகிதம் காட்டுகிறேன். செவன் ஹில்ஸில் பிஸ்கட்டுக்கும் பெயிண்டுக்கும் தகர டப்பா செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாள், டப்பாவுக்கு மூடி அடிக்கிற பிரஸ் மெஷினுக்கு முன்னால் ஒரு கறுத்த மனிதர் விபூதியோடு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் இரத்தினசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், நீர்வேலி. கொழும்பில் மெக்கானிக்காக இருந்து, எனக்கு ஒரு வருஷம் முன்னால் மனைவி யோகாவோடு வந்தவர்.

"நீர் தமிழோ?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாரும்."

அவ்வளவுதான் அறிமுகம். அந்தக் காலத்தில் அவ்வளவு போதும். ரயிலில் எங்கேயாவது தமிழ்ச் சத்தம் காதில் விழுந்தால், நம் ஸ்டேஷன் தாண்டினாலும் பரவாயில்லை என்று கூடவே போய், பேரும் ஊரும் கேட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வருவோம். இப்போது வென்ட்வேர்த்வில்லில் இறங்கினால் ஸ்டேஷன் வாசலிலேயே கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் கேட்கிறது. அப்போது அங்கே ஒரு கறிக்கடை, ஒரு பேப்பர் கடை, வெயில். பாரமட்டாவில் ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடி ஒன்று நின்றது. சிட்னித் தமிழர்கள் அத்தனை பேரும் அதைத்தான் பறித்தோம். அந்தச் செடி எப்படிப் பிழைத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் யோகா அண்ணி சமைத்த கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, குசினிக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். யாருடைய கதை என்று கேட்காதீர்கள். ஆள் குறைவு, அதனால் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பேசவேண்டியிருந்தது.

இனி டெஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். டெஸ் எங்கள் ஃபோர்மன். பெரிய வயிறு, வெயிலில் வெந்த மூஞ்சி. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மாதா கோயிலில் நல்ல வார்த்தை. அவருக்கு ஒரே ஒரு சட்டம்: கம்பெனித் தரையில் யாரும் இரும்பு முனை பூட்ஸ் இல்லாமல் காலை வைக்கக்கூடாது. ரப்பர் செருப்போடு வந்த ஒரு இத்தாலிக்காரனை வாசலோடு திருப்பி அனுப்பினவர்.

எழுபத்தைந்து அக்டோபரில் ஆயுத பூசை வந்தது. அண்ணன் காலையில் நேரத்தோடு வந்து பிரஸ் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து வைத்துக் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார். புகையைப் பார்த்துவிட்டு டெஸ் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்.

"என்னடா சிங், மெஷினைக் கொளுத்துறியா?" அண்ணனுடைய முழுப் பேரும் அவர் வாயில் நுழையாது. சிங் என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். இந்த மெஷின் எங்களுக்குச் சோறு போடுகிறது. வருஷத்தில் ஒரு நாள் கும்பிடுவோம். அவ்வளவுதான்.

டெஸ் குனிந்து பார்த்தார். "உன் பூட்ஸ் எங்கே?"

"சாமிக்கு முன்னால போடுறேல்லை."

இங்கிலீஷில்தான் சொன்னார். எனக்கு ஞாபகம் வருவது இப்படித்தான் வருகிறது. அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் வேலை போச்சு என்று நான் நினைத்தேன். டெஸ் வாளியைக் கீழே வைத்தார். ஒரு டப்பாப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கக் குனிந்து, இரண்டு பூட்ஸையும் கழற்றினார். தொப்பியையும் எடுத்தார். கற்பூரம் அணைகிறவரைக்கும் காலுறையோடு கைகட்டி நின்றார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

அணைந்ததும், "சரி, எல்லாரும் பூட்ஸைப் போடுங்கள். இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனால் உன்னைக் கொல்வேன்" என்றார். அடுத்த வருஷம் பூசைக்கு அவரே ஒரு தட்டு லாமிங்டன் கேக் வாங்கி வந்து பிள்ளையாருக்கு முன்னால் வைத்தார்.

யோகா அண்ணிக்கு ஊரில் ஒரு குழந்தை வயிற்றிலேயே தவறியிருந்தது. இங்கே வந்த பிறகு எழுபத்தாறு குளிர்காலத்தில் இரண்டாவதும் தவறியது. அன்றைக்கு டெஸ்தான் கம்பெனியை விட்டுவிட்டுத் தன் ஹோல்டன் காரில் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பின் சீட்டெல்லாம் இரத்தம். அவர் மனைவி மோரீன் இரண்டு நாள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அண்ணி இறைச்சி தொடமாட்டாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உருளைக்கிழங்கு அவித்து உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள்.

எழுபத்தேழு பிப்ரவரியில் டெஸ் இறந்துபோனார். நெஞ்சுவலி. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது யோகா அண்ணிக்கு ஐந்தாம் மாதம். இதையாவது கடவுள் கையில் கொடுப்பாரா என்று வீட்டில் எல்லாரும் மெதுவாகத்தான் நடப்போம், பேசுவோம். நான்கூட மெதுவாகப் பேசினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செத்த மறுநாள் மத்தியானம் மோரீன் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கையில் குதிரைப் பந்தயப் பேப்பர். அதன் ஓரத்தில் டெஸ் பென்சிலால் ஆறு பேர் எழுதியிருந்தார், தன்னைத் தூக்கவேண்டியவர்கள். ஆறாவது பேர், சிங்.

"வருவாயா?" என்று கேட்டாள்.

"வருவன்" என்றார் அண்ணன். டீ ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. மோரீனுக்கு ஒன்றும் தெரியாது. டீயைக் குடித்து, அண்ணியின் வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

கார் சத்தம் போனதும் அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, வயித்தில பிள்ளையோட இருக்கிறவளின்ர புருஷன் பாடை தொடப்படாது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ வாறன் எண்டு சொன்னனீங்கள்?"

"அந்த மனிசியின்ர முகத்துக்கு நேர என்னெண்டு ஏலாதெண்டு சொல்லுறது?"

நான் இடையில் புகுந்தேன். "அண்ணி, அது பாடை இல்லையே, பொட்டிதானே? பொட்டிக்கு நம்ம சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலையே."

"பாஸ்கர், நீர் சோத்தைச் சாப்பிடும்."

சாப்பிட்டேன்.

"ரெண்டு பிள்ளை போயிட்டுது" என்றாள் அண்ணி. "இதுவும் போனால் நான் இருக்கமாட்டன்."

அண்ணன் எழுந்து பின்வளவுக்குப் போய், நன்றாக இருந்த வேலியை ஆணி அடித்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார். போனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். போகாவிட்டால் டெஸ் எழுதிவைத்த ஆறு பேரில் ஒரு இடம் காலி. நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்திருப்பேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது அண்ணி கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"போய்த் தூக்குங்கோ" என்றாள் புருஷனிடம். "அந்த மனுசன் என்ர ரத்தத்தைப் பார்த்து அருவருக்கேல்லை. ஆனா ஒண்டு. பிணம் எண்டு நினைச்சுத் தூக்காதேங்கோ. ஊரில திருவிழாவுக்குச் சாமி தூக்கிறனீங்கள் எல்லே? அப்பிடி நினைச்சுத் தூக்குங்கோ. சாமி தூக்கினால் பிள்ளைக்கு ஒண்டும் வராது."

அண்ணன் தன் காலைக் குனிந்து பார்த்தார். "சாமி தூக்கிறதெண்டால் சப்பாத்தோட ஏலாதே."

"அப்ப கழட்டுங்கோ."

"அண்ணே," என்றேன் நான், "சாமி தூக்குறவன் சட்டையும்ல போடமாட்டான்? வெறும் மேலோடதானே தூக்குவாங்க?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் அண்ணி அதைக் கேலியாக எடுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தாள்.

"அது அவையின்ர கோயில். மோரீனுக்கு வெட்கக்கேடு வரப்படாது. மேலுக்கு அவையின்ர முறை, காலுக்கு எங்கட முறை."

பெரிய பெரிய சபைகளில் உட்கார்ந்து தீர்மானிக்கிற விஷயத்தை அவள் ஒரு கோட்டுக்கு இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் தீர்மானித்துவிட்டாள்.

அவள் வரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி செத்த வீட்டுக்குப் போகக்கூடாது. நானும் அண்ணனும் போனோம். சரியான வெயில். கோயில் வாசலில் ஆண்களெல்லாம் தொப்பியைக் கழற்றினார்கள். அண்ணனுக்குத் தொப்பி இல்லை. குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். மழமழவென்று மெழுகு போட்ட பலகைத் தரை. காலுறையோடு நடந்தால் வழுக்கும் என்று அதையும் கழற்றிச் சப்பாத்துக்குள் செருகி, வாசல் ஓரமாக ஜோடியாக வைத்தார். கோட்டு, டை, மடிப்புக் குலையாத கால்சட்டை. அதற்குக் கீழே பத்து விரல்கள். முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பூசை முடிகிறவரைக்கும் யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் எழுந்தால் எழுந்தார், முழங்காலிட்டால் முழங்காலிட்டார்.

பெட்டியைத் தூக்குகிற நேரம் வந்தது. சவ அடக்கக் கம்பெனி ஆள் ஆறு பேரையும் இரண்டு வரிசையாக நிறுத்தினான். உயரம் சரிபார்க்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஷூ எங்கே?"

"வெளியில."

"போய்ப் போட்டுக்கொண்டு வா."

அண்ணன் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

டெஸ்ஸின் தம்பி எதிர்ப்பக்கத்தில் நின்றார். அவர் மூஞ்சியும் சிவப்பு, அன்றைக்கு இன்னும் சிவப்பு. "என் அண்ணன் கடற்கரைக்குப் போகவில்லை. இவன் வேண்டாம். வேறு ஆளைக் கூப்பிடு" என்றார். அந்தக் கம்பெனி ஆள் கூட்டத்தில் யாரையோ பார்த்துக் கையைக் காட்டினான். அவனும் எழுந்து வர ஆரம்பித்துவிட்டான்.

அண்ணன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். விடவில்லை. அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை, பாடை, சாமி, நீர்வேலித் திருவிழா, இதையெல்லாம் எந்த இங்கிலீஷில் சொல்வது? வியர்த்துக்கொண்டு நின்றார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. கதையிலாவது அதைச் சொல்லிவைக்கவேண்டும்.

மோரீன் எழுந்து வந்தாள். கறுப்பு வலையை முகத்திலிருந்து தூக்கிவிட்டு அண்ணனின் காலைப் பார்த்தாள்.

"சிங், அந்த மெஷினுக்குச் செய்கிற மாதிரியா?"

"ஓம்" என்றார் அண்ணன். ஆமாம் என்பதைப் பதற்றத்தில் யாழ்ப்பாணத் தமிழிலேயே சொல்லிவிட்டார்.

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "டெஸ் தகரம் அடிக்கிற மெஷினுக்கு முன்னால் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து, ஒரு மாசம் அதையே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனே எழுதிவைத்த பேர் இது. தூக்குங்கள்."

தூக்கினார்கள். பலகைத் தரையில் ஐந்து பேருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஆறாவது ஆளின் சத்தம் கேட்கவில்லை.

வாசலைத் தாண்டியதும்தான் எனக்கு உறைத்தது. வெளியே தார். பிப்ரவரி மத்தியானம். சவ வண்டி முப்பது அடி தள்ளி நிற்கிறது. நான் சப்பாத்து இரண்டையும் அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கொண்டுபோய் என்ன பண்ணுவது? தோளில் பெட்டி. நிற்க முடியாது, வேகமாகவும் நடக்க முடியாது. அவர்கள் சாவு நடை நடக்கிறார்கள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு. அண்ணன் ஒரு அடிகூடப் பிசகவில்லை. முகம் திருவிழாவில் சாமிக்குத் தோள் கொடுத்த முகம் மாதிரியே இருந்தது. பெட்டியை வண்டிக்குள் தள்ளிவிட்டுத்தான் கீழே பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார். தாரும் கூடவே வந்தது.

அடக்கம் முடிந்த பிறகு மோரீன் வீட்டில் எல்லாரும் கூடினோம். பியர் பாட்டில்களை ஐஸில் போட்டு ஒரு தகரத் தொட்டி. மோரீன் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்துவிட்டு, "காலை இதற்குள் வை" என்றாள். ஊர் முழுக்கப் பார்க்க அண்ணன் தொட்டிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டெஸ்ஸின் தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பாட்டில் திறந்து ஒன்றை நீட்டினார். அண்ணன் குடிக்கிறதில்லை என்றார். அவர் இரண்டையும் தானே குடித்துவிட்டு, "கொப்புளம் நிறைய" என்றார். அது மன்னிப்பு.

வீட்டுக்கு வந்தால் அண்ணி பின்கதவில் நிற்கிறாள். இழவுக்குப் போய்வந்தவர் குளிக்காமல் உள்ளே வர முடியாது. பின்வளவில் அண்ணன் கோட்டையும் சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டு, துவாயைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் தோட்டக் குழாயைப் பிடித்தேன். தாரில் வாயைத் திறக்காதவர், பச்சைத் தண்ணீர் பட்டதும் கொப்புளம் எரிந்து ஐயோ ஐயோ என்று குதித்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி துணி காயப்போட வந்தவள், வேலிக்கு மேலே தலையை நீட்டி, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே பார்த்தாள்.

"எப்பிடித் தூக்கினனீங்கள்?" என்று அண்ணி கேட்டாள்.

"சாமியாத்தான்."

"பாரமோ?"

"டெஸ் எல்லே? பாரம்தான்."

அண்ணி சிரித்தாள். அப்புறம் அழுதாள். ஜூனில் பெண் பிறந்தது. ரஞ்சினி. ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கினது மோரீன். பிள்ளைக்கு இப்போது பதினாறு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற அளவுக்கு நல்ல ஆரோக்கியம்.

இனி என் பங்கு. டெஸ் செத்த அடுத்த மாதம் ஒரு மண்டபத்தில் பொங்கல் விழா நடந்தது. தைப் பொங்கலைப் பங்குனியில் வைத்தோம், மண்டபம் அப்போதுதான் கிடைத்தது. கல்யாணசுந்தரம் என்று ஒரு எஞ்சினியர், "இரத்தினசிங்கம் ஏன்யா நொண்டுறார்?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். நாலு பேர் கூடினார்கள். சப்பாத்து வரைக்கும் ஒழுங்காகத்தான் சொன்னேன். ஆனால் சப்பாத்துக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. பத்துப் பேர் கூடியபோது, பின்வளவில் கழன்ற சட்டை எப்படியோ ஒரு மைல் நடந்து மாதா கோயிலுக்குள் போய்விட்டது. சிரித்தார்கள் பாருங்கள்! கோயிலுக்குள் சட்டையைக் கழற்றியே பழகின ஆட்கள், உடனே நம்பினார்கள். போலீஸ் நான் போட்டது இல்லை. பாதிரியார் நான் போட்டதுதான்.

அண்ணன் காதுக்குப் போயிற்று. வழக்கம்போலச் சாப்பிடக் கூப்பிட்டார். அண்ணி மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பப்படம் வைக்கவில்லை.

போன மாதம் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் திருவிழா. காரை நிறுத்த இடமில்லாத கூட்டம். அண்ணனுக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை, ஆனாலும் சாமிக்குத் தோள் கொடுக்காமல் விடமாட்டார். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த கம்ப்யூட்டர்காரர் சடகோபன் என்னோடு புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆள் புதுசு, கதை கேட்காதவர். விடுவேனா? பாதிரியார் மயங்கி விழுகிற இடத்துக்கு நான் வந்தபோது, பின்னால் ஒரு நிழல். வெறும் மேலில் வியர்வை, தோளில் தண்டு அழுத்தின சிவப்புத் தடம், கக்கத்தில் மடித்த சட்டை.

சடகோபன் எழுந்துவிட்டார். "சார், அது நீங்கதானா? சர்ச்சுல சட்டையைக் கழட்டிட்டு..."

அண்ணன் நிதானமாகச் சட்டையைப் போட்டார். எல்லாப் பொத்தானையும் பூட்டினார். பிறகு சொன்னார்:

"சட்டை கழட்டினது என்ர வீட்டுப் பின்வளவில, குளிக்க. வேதக்கோயிலுக்குள்ள கழட்டினது சப்பாத்து மட்டும், அதுவும் என்ர பிள்ளைக்காக. பாதிரியார் விழேல்லை. பொலிசும் வரேல்லை, நாயும் வரேல்லை. சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால ஓடி வந்தது இந்தப் பாஸ்கர்தான்."